மணி அடித்ததும் மலையிலிருந்து ஒரு குரல்

என் மகள் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த வருடம் நடந்தது இது. ராகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பிறகு கொழுந்து லொறி போகிற ரோட்டில் நல்ல தூரம் ஏறி வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். நான் கொழுந்து எடுக்கிறவள். ஓ.எல். சோதனை வரை படித்தேன், கணக்கில் கோட்டை விட்டேன், மலைக்கு வந்துவிட்டேன். இதை எழுதும்போதுகூட முதுகு விண்விண் என்று வலிக்கிறது. அங்கங்கே பேச்சில் எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் எனக்கு எல்லாவற்றிலுமே அலுப்பு. வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார், வந்தால் தூங்குவார். விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, மகளுக்குத் தலைவாரி, பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்கு ஓடி, கங்காணியிடம் ஏச்சு வாங்கி, மலையேறி, நனைந்து, இறங்கி, மறுபடி லயத்து வரிசை வீட்டில் அடுப்படி. அதற்கு முந்திய வருடம் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்த உடம்பு வேறு, பழையபடி ஓடவில்லை. உட்கார்ந்தால் எழும்ப மனம் வராது, எழும்பினால் உட்கார நேரம் கிடைக்காது.

இந்த லட்சணத்தில் ஒரு நாள் சாயந்தரம் மகளின் வகுப்பு டீச்சர் என்னை ரோட்டில் மறித்தார். வலப்பனைப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். தொண்டை எப்போதும் கட்டியே இருக்கும்.

"கோவிச்சுக்காதீங்க. உங்க மகளுக்குக் காது சரியாக் கேக்குதான்னு ஒருக்கா காட்டிப் பாருங்களேன். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்குறா. பக்கத்துல போய்த் தோள்ல கைய வச்சாத்தான் திடுக்குன்னு முழிச்சுப் பாக்குறா."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அவளுக்கா? நான் அடுப்படியில சீனி டின்னு மூடியைத் தொறந்தா, லயத்துக் கோடியில வெளையாடிக்கிட்டு இருக்கிறவ ஓடியாந்து நிப்பா டீச்சர். அவளுக்கா காது கேக்கல?"

டீச்சர் சிரிக்கவில்லை. தவணைச் சோதனையில் சொல்வதெழுதலில் மகள் ஒன்றுமே எழுதாமல் வெறும் தாளைக் கொடுத்தாளாம். இப்படியே போனால் டவுன் ஸ்கூலில் இருக்கிற விசேட பிரிவுக்கு அனுப்பச் சொல்லி மேலே இருந்து சொல்லிவிடுவார்கள், அதற்கு முன்னால் நீங்களே பார்த்துக்கொண்டால் நல்லது என்றார். அதைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. டவுன் ஸ்கூலுக்கு அவளை யார் தினமும் கூட்டிக்கொண்டு போவது? நான் போனால் வேலை இல்லை. அல்லது எங்கேயாவது ஒரு விடுதியில் விடவேண்டும். எட்டு வயதுப் பிள்ளையை, அதுவும் இருக்கிற ஒரே பிள்ளையை.

எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். அது ஒரே ஒரு நீளமான ஹால், மேலே தகரம். ஒன்றாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டு வரை எல்லா வகுப்பும் அதற்குள்தான், நடுவில் சுவர் கிடையாது. ஒரு மூலையில் அ, ஆ என்று கத்துவார்கள், இன்னொரு மூலையில் பாட்டு, நடுவில் வாய்ப்பாடு, மழை பெய்தால் தகரம் எல்லாவற்றுக்கும் மேலே கச்சேரி வைக்கும். பக்கத்தில் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். கல் நன்றாக இருக்கிறது.

நான் படித்ததும் அதே ஹாலில்தான். அந்த இரைச்சலிலும் எங்கள் டீச்சர் சொல்வது மட்டும் எங்களுக்குக் கேட்கும். எப்படிக் கேட்டது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பழகிவிடும், அவ்வளவுதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் பழகினது என் பிள்ளைக்கு மட்டும் ஏன் பழகவில்லை என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எங்க வீட்டுப் பக்கம் யாருக்கும் காதுல கோளாறு கெடையாதே" என்றார். அப்படியென்றால் என் வீட்டுப் பக்கம்தான் செவிட்டுப் பரம்பரை என்கிறாரா என்று கேட்டேன். ஆளைவிட்டால் போதும் என்று, கடையில் கூட்டம் எனச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெயோடு வந்து நின்றார். வேண்டாம் அக்கா என்று கும்பிடு போட்டு அனுப்பினேன். லயத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எப்படித்தான் தெரிகிறதோ, அந்த வாரமே மகளுக்கு "செவிடி" என்று பட்டம் வைத்துவிட்டார்கள். அவள் அதற்கும் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னார்கள்.

கங்காணியிடம் சொல்லிவிட்டு ஒரு நாள் லீவு போட்டு, நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வளைவுக்கு வளைவு அவள் வாந்தி. நான் கொண்டுபோன துணியெல்லாம் முடிந்து என் முந்தானையிலும் எடுத்தாள். அங்கே போனால் வரிசை. குளிரில், நாற்றத்தில், தேத்தண்ணிகூட இல்லாமல் வரிசையில் நின்றபோது, இவளுக்கு நிஜமாகவே காது கேட்காவிட்டால் என்ன செய்வேன் என்று முதன்முதலாக நினைத்தேன். அதுவரை பிடிவாதம், திமிர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோதனை செய்கிற அறையில் ஒரு சிங்கள நர்ஸ் மிஸ்ஸி இருந்தார். தமிழும் கொஞ்சம் பேசினார். மகளைச் சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார். சத்தம் கேட்டால் அமத்தவேண்டும். எனக்கு வெளியே ஒன்றும் கேட்கவில்லை. அவள் மட்டும் அமத்திக்கொண்டே இருந்தாள். கடைசியில் மிஸ்ஸி என்னைப் பார்த்து, "கன் தெகம ஹொந்தாய்" என்றார். ரெண்டு காதும் நல்லா இருக்கிறது.

"நல்லா இல்ல, ரொம்ப நல்லா. உள்ள நாங்க பேசினது எல்லாம் வெளிய இருந்து கேட்டு இந்தப் பிள்ள சொல்லுது" என்று அவரே சிரித்தார். வரிசையில் காத்திருந்தபோது உள்ளே இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொண்ட எதையோ என் மகள் அவரிடம் ஒப்பித்திருக்கிறாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"அப்ப ஏன் மிஸ்ஸி ஸ்கூல்ல கேக்க மாட்டேங்குது?" என்று கேட்டேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, சிங்களமும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொன்னார். காது எல்லாச் சத்தத்தையும் உள்ளே விட்டுவிடுமாம். மூளைதான் அதில் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் சின்னதாக்கிவிடுமாம். நாம் எதில் கவனம் வைக்கிறோமோ அது பெரிதாகக் கேட்கும், மற்றது பக்கத்திலேயே நடந்தாலும் கேட்காத மாதிரிதான். "உங்க வீட்டுக்குப் பக்கத்துல ஓடை இருக்கா?" என்றார். இருக்கிறது, லயத்துக்குப் பின்னாலேயே. "அது உங்களுக்குக் கேக்குதா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். வெளியூரிலிருந்து யாராவது வந்து, என்ன இப்படி இரைகிறது, எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டால்தான் எனக்கு அந்த ஓடையே ஞாபகம் வரும்.

"இந்தப் பிள்ள வேற ஏதோ சத்தத்தப் புடிச்சுக்கிட்டு இருக்கு. டீச்சர் சொல்றது அதுக்கு ஓடை மாதிரி. என்ன சத்தம்னு நீங்கதான் பாக்கணும்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

காது நன்றாக இருக்கிறது என்று கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். ஆனால் அன்றைக்குப் போன ஒரு நாள் பேரும் சம்பளமும், பஸ் காசும், வாந்தித் துணியும் எல்லாம் சேர்ந்து கோபமாகத்தான் வந்தது. திரும்பி வருகிற வழியில் "அப்ப நடிக்கிறியாடி? என்ன சத்தத்தடி புடிச்சு வச்சிருக்க?" என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குள் மறுபடி வாந்தி.

ஒரு வாரம் ஒன்றும் மாறவில்லை. டீச்சர் முன்வரிசையில் உட்கார வைத்துப் பார்த்தார், கிட்டப் போய் நின்று பேசிப் பார்த்தார். கூப்பிட்டால் திடுக்கிட்டு முழிப்பதும், கொஞ்ச நேரத்தில் மறுபடி எங்கேயோ போய்விடுவதுமாகவே இருந்தாளாம். நானும் வீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன், அவள் எந்தச் சத்தத்தைக் கேட்கிறாள் என்று. ஒன்றும் அகப்படவில்லை. வீட்டில் அவள் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருந்தாள்.

அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்தது. மழையில் நனைந்த காய்ச்சல்தான், ஆனால் எழும்ப முடியவில்லை. வேலைக்குப் போகாமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். மகள் தானே சட்டை மாட்டிக்கொண்டு, தானே ரொட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போனாள். பள்ளி விட்டதும் அவளோடு டீச்சரும் மூச்சு வாங்க லயத்துக்கு ஏறி வந்துவிட்டார். எனக்குப் பகீர் என்றது.

"அந்த மருந்து என்னான்னு சொல்லுங்க" என்றார் டீச்சர் வாசலிலேயே நின்று.

"எந்த மருந்து?"

"ஆஸ்பத்திரியில குடுத்தது. இன்னைக்கு இவ எல்லாக் கேள்விக்கும் கைய தூக்குறா. சொல்வதெழுதல்ல எல்லாம் சரி. நான் வாயத் தொறக்க முந்தி பதில் சொல்றா!"

"ஒரு மருந்தும் குடுக்கல டீச்சர். காது நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. உங்ககிட்டயும் சொன்னேனே."

டீச்சர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அப்போதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. காய்ச்சலில் தலை கல்லாய்க் கனத்தது.

மறுநாளும் நான் வீட்டில், மகள் ஸ்கூலில் கெட்டிக்காரி. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. உடம்பு கொஞ்சம் தேறி நான் மலைக்குப் போன அன்றைக்கு, மறுபடி பழையபடி ஆகிவிட்டாள். டீச்சர் சொல்லியனுப்பினதைக் கேட்டபோது நான் கூடையும் தலையுமாக கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் மண்டையில் தட்டினது போல் விளங்கியது. நான் வீட்டில் கிடந்தால் அவளுக்குக் கேட்கிறது. நான் மலையில் நின்றால் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பீலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டுகிற இடம், லயத்துப் பெண்கள் எல்லாரும் குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான். கொஞ்சம் பிந்திப் போனதால் வேறு யாரும் இல்லை. அவள் தலைக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டே, கோபப்படாமல் கேட்டேன். கோபப்படத் தெம்பும் இல்லை.

"பாப்பா, அம்மா மலையில இருக்கயில நீ ஸ்கூல்ல என்னா கேப்ப?"

முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு, "நீங்க பேசுறது கேப்பேன்" என்றாள்.

பள்ளிக்கூட ஹாலுக்கு நேர் மேலே உள்ள சரிவைத்தான் ஸ்கூல் மலை என்போம். அங்கே ஒரு கூட்டம் பெண்கள் கொழுந்து எடுப்போம். சிரிப்போம், சண்டை போடுவோம், கங்காணியைக் கிண்டல் பண்ணுவோம். அத்தனை குரலில், அத்தனை தூரத்தில், ஐந்து வகுப்பு இரைகிற ஹாலுக்குள் இருந்துகொண்டு, என் குரலை மட்டும் அவள் பொறுக்கி எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பேசாட்டி நீங்க இருமுறது கேப்பேன். அதுவும் கேக்காட்டி, கேக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

"எதுக்குடி?"

"குளவி வந்தா கத்துவீங்கல்ல."

முந்திய வருடம் எனக்குக் குளவி கொட்டினது அந்த ஸ்கூல் மலையில்தான். தேயிலைக்குள் கூடு இருந்தது தெரியாமல் யாருடைய கையோ பட்டுவிட்டது. கிளம்பி வந்தால் ஒரே இருட்டாக வரும். கத்திக்கொண்டு சிதறி ஓடினோம். நான் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்துவிட்டேன், விழுந்த இடத்திலேயே கொட்டித் தீர்த்துவிட்டன. கொழுந்து லொறியில்தான் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பள்ளி விட்டு வந்த மகள் பூட்டின கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறாள். அம்மாவைக் குளவி கொட்டி லொறியில் ஏற்றிப் போய்விட்டார்கள் என்று யாரோ போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்கள். நான் திரும்பி வந்தபோது முகம் வீங்கி, என்னையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் அழவில்லை. நல்ல தைரியமான பிள்ளை என்று எல்லாரும் மெச்சினார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

பீலியடியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சவர்க்கார நுரையோடு அவள் சொன்னாள்: "அன்னைக்கு நாங்க வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருந்தோம்மா. நாந்தான் எல்லாரையும் விடச் சத்தமா சொன்னேன். அதான் நீங்க கத்துனது எனக்குக் கேக்கல."

பீலித் தண்ணீர் பக்கத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அவள் இதைச் சொன்னபோது அந்தச் சத்தம் எங்கே போனதென்றே எனக்குத் தெரியவில்லை. அவள் குரல் மட்டும்தான் கேட்டது. மிஸ்ஸி சொன்னது இதுதானா என்று பிறகுதான் யோசித்தேன். அப்போது அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். தான் கேட்காததால்தான் எனக்கு அப்படி நடந்தது என்று இந்தச் சின்னது ஒரு வருடமாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறதே என்று நெஞ்சு வெடித்துவிட்டது.

உன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். தலையாட்டினாள். ஆனால் இனிமேல் குளவி வராது என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. அவளும் தோட்டத்துப் பிள்ளை, குளவி வரும் என்று அவளுக்குத் தெரியும். பொய் சொன்னால் இன்னும் கூர்மையாகக் காதை வைத்துக்கொள்வாள்.

மறுநாள் விடியக்காலையில் டீச்சர் வருகிற பஸ்ஸுக்குக் காத்திருந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குடையை மடக்காமலே நின்று கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. தனக்கும் ஒரு மகன் இருக்கிறான், தான் விடிய வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறக்கிற சத்தத்துக்கே எழும்பிவிடுவான் என்றார். பிறகு டீச்சருக்கே உரிய தோரணையில் மூக்கை உறிஞ்சிவிட்டு, "கேக்காதேன்னு அவளுக்குச் சொல்ல முடியாது. எப்பக் கேக்கணும்னு சொல்லலாம்ல?" என்றார்.

அப்படித்தான் இந்த யோசனை வந்தது. பள்ளிக்கூடத்து மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது, ஒவ்வொரு பாடம் மாறும்போதும் அதில் மணி அடிப்பார்கள். மணி அடித்ததும் நான் மலையிலிருந்து ஒரு குரல் கொடுக்கவேண்டும். மகள் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, அடுத்த மணி வரை டீச்சரைக் கேட்கவேண்டும். "சரியா பாப்பா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மறக்க மாட்டீங்களே?" என்றாள்.

என்ன குரல் கொடுப்பது என்பதில் யோசிக்க ஒன்றும் இல்லை. காலையில் கொழுந்தில் கை வைக்கிறபோது "பொலியோ பொலி" என்று குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். நன்றாக விளையட்டும், நல்லபடியாகப் போகட்டும் என்று அர்த்தம். இப்போதெல்லாம் அதையும் பாதித் தூக்கத்தில் முணுமுணுத்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவோம். நான் அதை மணிக்கு மணி, தொண்டை கிழியக் கத்தவேண்டும்.

பெரிய கஷ்டம் கத்துவதில் இல்லை. மணி எனக்குக் கேட்கவேண்டுமே! அந்த மலையில் எத்தனை வருடம் கொழுந்து எடுத்திருக்கிறேன், பள்ளிக்கூட மணி ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை. முதல் நாள் விடாமல் காதை வைத்துக்கொண்டிருந்ததில் கை ஓடவில்லை, கொழுந்து குறைந்துவிட்டது. ஆனால் மணி கேட்டது. டங், டங் என்று அத்தனை தெளிவாக! இவ்வளவு காலமும் இது எங்கே போயிருந்தது என்று எனக்கே ஆச்சரியம். நிமிர்ந்து நின்று "பொலியோ பொலி" என்று கத்தினேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஏ, என்னாடி ஆச்சு ஒனக்கு? நடு வேலையில பொலி போடுற?" என்று பக்கத்து நிரையில் நின்ற அக்கா கேட்டார், பூண்டு எண்ணெய் கொண்டுவந்தாரே அவர்தான். காய்ச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது என்றாள் இன்னொருத்தி. கங்காணி தடியை ஊன்றிக்கொண்டு மேலேறி வந்து, "என்னா, மலைன்னு நெனச்சீங்களா, திருவிழான்னு நெனச்சீங்களா?" என்று பாய்ந்தார். எனக்கு வெட்கம், களைப்பு, கோபம் எல்லாம் சேர்ந்து, உள்ளதை உள்ளபடி கொட்டிவிட்டேன். அன்றைக்குக் குளவிக்கு ஓடினவர்கள்தான் எல்லாரும். அடுத்த மணி அடித்தபோது நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அக்கா கத்தினார். "ஐயோ அக்கா, என் குரல்தான் அவளுக்கு வேணும்" என்றேன். "அப்ப நீ மொதல்ல போடு, நாங்க பின்னாடி போடுறோம்" என்றார். அப்படியே நடந்தது. அன்றிலிருந்து மணிக்கு மணி ஸ்கூல் மலையில் பொலிதான்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் வாரம் மணி அடித்ததும் மகள் எழுந்து ஜன்னலுக்கே போய்விடுவாளாம். குரல் கேட்டபிறகுதான் வந்து உட்காருவாள். பிறகு இருந்த இடத்திலேயே தலையை மட்டும் தூக்குவாள். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து, "ஒங்க அம்மா கத்திட்டாங்க" என்று அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். செவிடிப் பட்டம் எப்போது மறைந்தது என்று தெரியவில்லை.

நடுவில் எங்களை ஆற்றுப் பக்கத்து மலைக்கு மாற்றினார்கள். அங்கிருந்து கத்தினால் ஹாலுக்குக் கேட்காது, இடையில் ஒரு மேடு மறைக்கிறது. எனக்கு முதல் நாள் இரவு தூக்கமே இல்லை. காலையில் பார்த்தால், முன்னர் ஏசின அதே கங்காணி மேட்டின் உச்சியில் போய் நின்றுகொண்டிருக்கிறார். மணி அடித்ததும் எங்கள் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். நாங்கள் கத்தினோம். அவர் ஸ்கூல் பக்கம் திரும்பி, அந்தக் கட்டைக் குரலில் கத்தினார். மேட்டில் நின்றால்தான் இரண்டு பக்கமும் வேலையைப் பார்க்கலாம் என்று அவர் பிறகு காரணம் சொன்னார். நாங்களும் நம்பினது மாதிரி இருந்துகொண்டோம். கங்காணி மாமா குரல் கேட்டால் அம்மா நல்லா இருக்காங்க என்றுதானே அர்த்தம் என்று மகள் சாயந்தரம் சொன்னபோது, அந்த மனுஷனை இத்தனை காலமும் கிண்டல் பண்ணினதற்காக மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் அவர் கொழுந்து குறைவென்று பாதிச் சம்பளத்துக்கு அரைப் பேர் போட்டதும் அந்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன், அது வேறு கதை.

டவுன் ஸ்கூல் விசேட பிரிவைப் பற்றி டீச்சர் பிறகு பேசவே இல்லை. சில மாதம் கழித்து ஒரு சாயந்தரம். அன்றைக்கு முழுக்கப் பனி, எனக்குத் தொண்டை கட்டி, குரல் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி வந்தது. அவளுக்குக் கேட்டதோ இல்லையோ என்று நாள் முழுக்க அதே கவலையாக இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் இடுப்பில் கட்டின படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் கேட்டேன்.

"இன்னைக்கு அம்மா கத்துனது கேட்டுச்சா பாப்பா? தொண்டை கட்டிப் போச்சுல்ல."

அவள் ரொட்டியைச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "இன்னைக்கா? தெரியலம்மா. டீச்சர் கதை சொல்லிக்கிட்டு இருந்தாங்க, நான் அதைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு அந்தக் கதையை வாயில் ரொட்டியோடு எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஒரு நரி, ஒரு கிணறு என்று என்னவோ வந்தது. நான் அடுப்படிச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் வலிக்கவும் செய்தது, பொய் சொல்வானேன்.

அவள் இன்னும் அதே ஹாலில்தான் படிக்கிறாள், நான் இன்னும் அதே மலையில்தான் நிற்கிறேன். முதுகு வலி கூடியிருக்கிறது, அலுப்பு எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் கீழே மணி அடித்தால் எத்தனை களைப்பிலும் என் கை கொழுந்திலிருந்து விடுபட்டுவிடும், நிமிர்ந்து நின்று என் பலம் கொண்ட மட்டும் கத்துவேன், இது என் பிள்ளைக்குக் கேட்காமலே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே.